மோப்பம் போன நாய்

அந்த நாய்க்கு மோப்பம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

யுத்த காலத்தில் வவுனியாவில் நான் மிருக வைத்தியர். மாடுகளும் ஆடுகளும் நிற்கும் என் முற்றத்துக்கு ஒருநாள் இராணுவச் சிப்பாய் ஒருவன் தன் மோப்ப நாயோடு வந்தான். அவர்களுடைய வைத்தியர் வெகு தொலைவில் இருந்தாராம். சிங்களப் பையன், தமிழைக் கடைத்தெருவில் கேட்டுப் பழகியிருந்தான்.

"மாத்தயா, காய்ச்சல் மாறிட்டு. சாப்பிடுது. ஆனா தேடுறது... முந்தி மாதிரி இல்ல."

"முந்தி எப்பிடி?"

"முந்தி நான் சாராயம் குடிச்சா கிட்ட வராது. இப்ப மடியில படுக்குது," என்று சிரித்தான்.

தேடவைத்துக் காட்ட, வைக்கோலுக்குள் ஒரு பந்தை ஒளித்தான். நாய் போய் எடுத்தது. ஆனால் அதன் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... அது அவன் முகத்தையே பார்த்தது. எந்த இடத்தை அது நெருங்கும்போது அவன் மூச்சைப் பிடித்தானோ, அந்த இடத்தில் நின்றது.

அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரம், பந்தை ஒரு சாக்கின் கீழ் வைத்தேன். நாய் இருமுறை அதைத் தாண்டி நடந்தது. பிறகு என் முகத்தைத் தேடியது. நான் திரும்பிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? சோதனைச் சாவடியில் அந்த நாய் முகராத அரிசிப் பை எங்கள் சனத்திடம் இல்லை. முகரட்டும், ஒன்றும் விளங்காமல் முகரட்டும் என்று நினைத்தேன். அவ்வளவோடு நின்றிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

நாயின் கழுத்தில் வாரை மாட்டியபடி அவன் சொன்னான்: "அடுத்த கிழமை சாவடி இல்ல மாத்தயா. றோட்டு. மிதிவெடி தேட. இவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. சுகம்தானே?"

ஒரு சொல் போதும்... அது நாக்கு வரை வந்தது.

"ஓம் தம்பி. ஒண்டுமில்லை. கொண்டு போ."

அவன் கும்பிட்டான். என்னைக் கும்பிட்டான்!

மாதங்கள் கழித்து வேறொருவன் வேறொரு நாயோடு வந்தான். முன்னவன் எங்கே என்று கேட்கும் அளவுக்குச் சிங்களம் எனக்குத் தெரியும். ஊசி போட்டேன். புண்ணுக்கு மருந்து கட்டினேன். வாசல்வரை கூடவே நடந்தேன்... கேட்கவில்லை.

கேட்காதவரை அவன் உயிரோடு இருப்பான் என்றா? நீங்கள் வேண்டுமானால் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.