குரூசர் பீரங்கிக்கு வைத்த பொட்டு

சாம்பல் நிறத்தில் இரண்டு குழல்கள், இரண்டும் கூரையைப் பார்த்தபடி. வட ஜெர்மனியின் ஒரு துறைமுக நகரத்து அருங்காட்சியகத்தில் நான் வழிகாட்டியாகச் சேர்ந்தபோது முதலில் மனப்பாடம் செய்தது அந்தப் பீரங்கியைப் பற்றித்தான். குரூசர் எனப்படும் வேகமான, இலகுவான போர்க்கப்பல் ஒன்றில் இருந்தது அது. கடலில் எதிரிக் கப்பல்களைச் சுட அந்தக் கப்பலில் மூன்று கோபுரங்களில் ஒன்பது பெரிய பீரங்கிகள். வானத்திலிருந்து வருபவற்றுக்கு இதுபோன்ற சின்ன இரட்டைக் குழல்கள். பார்வையாளர்களிடம் இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். என் குரலில் பெருமை வேறு. என்னவோ நானே அந்தக் கப்பலை ஓட்டியவள் போல.

அந்தக் கூடத்தைத் துப்புரவு செய்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அந்தக் கட்டடத்தில் நாங்கள் இருவர் மட்டுமே தமிழர். மெல்லிய தூரிகையால் பீரங்கியின் தூசியைத் தட்டியபடி என் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். குண்டை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும் என்று நான் சொன்ன அன்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒவ்வொண்டாக் கையாலையோ? அதுவரைக்கும் பிளேன் நிண்டு பாத்துக்கொண்டிருக்குமோ?"

பிறகு சிரிப்பு நின்றது. இளவயதில், ஊரில் போர் நடந்தபோது, விமானச் சத்தம் கேட்டால் வீட்டு வளவில் வெட்டிய பங்கர் என்னும் பதுங்குகுழிக்குள் ஓடியதைச் சொன்னார். "இதுக்குப் பக்கத்திலை நிண்டவனும் நடுங்கிக்கொண்டுதான் நிண்டிருப்பான், பிள்ளை." நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒருவன் இருக்கவில்லை.

ஆறு வருடமாக அக்காவின் வேலை வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்பட்டு வந்தது. நிரந்தர ஒப்பந்தம் இல்லாதவருக்கு இந்த நகரத்தில் யாரும் வீடு தர மாட்டார்கள். அக்கா குடும்பம் ஒற்றை அறையில் நான்கு பேராக இருந்தது. கடைசியில் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு திங்கட்கிழமைக்கு டெர்மின், அதாவது நேரம், கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அந்த வருடத்துச் சரஸ்வதி பூசை.

அன்று காலை நான் வந்தபோது கூடத்தில் ஒரே கலவரம். பீரங்கிக் குழல்களின் அடியில் சிவப்பாக இரண்டு கறை. போரை எதிர்ப்பவர்கள் யாரோ சாயம் பூசிவிட்டார்கள் என்று இயக்குநர் கொதித்துக்கொண்டிருந்தார், கையில் தொலைபேசி, பொலிசுக்கு எடுக்கப்போகிறார். எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. சந்தனத்தின் மேல் குங்குமம். மூலையில் நின்ற வாளிக்கும் தரை துடைக்கும் இயந்திரத்துக்கும் அதே பொட்டு.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவைக் காப்பாற்றத்தான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நானும் புதிது, நானும் தமிழ். இவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று என்னையும் சேர்த்து நினைத்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டேன்.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு நேரே இயக்குநரிடம் போனார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "நான் வைத்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ இவருக்கு வடிவாச் சொல்லு. இண்டைக்கு நாங்கள் வேலை செய்யிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கிறனாங்கள். இதையும் நான்தானே துடைக்கிறன். வாளிக்கு, நல்லா வேலை செய்ய வேணும் எண்டு வைச்சனான். இதுக்கு, இனி ஒருநாளும் வேலை வரக்கூடாது எண்டு வைச்சனான்."

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். இயக்குநர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். சாயம் பூசியது போரை எதிர்ப்பவர் என்று அவர் நினைத்ததும் முழுக்கப் பிழையில்லை. குனிந்து அந்தப் பொட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"உலோகத்தில் வேண்டாம், கெட்டுப்போகும்," என்றார் கடைசியில். "அடுத்த வருடம் பீரங்கி நிற்கும் மரப்பலகையில் வைக்கச் சொல்லுங்கள்."

அடுத்த வருடம் என்ற சொல்லை அக்காவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை கையெழுத்தானது. பனிக்காலம் முடிவதற்குள் மூன்று அறை வீடும் கிடைத்தது, சாமான் ஏற்ற நானும் போனேன்.

இன்று என் விளக்கம் மாறிவிட்டது. எண்களைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் நடுங்கியபடி நின்றவனைப் பற்றிப் பேசுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் அப்போதுதான் கைபேசியிலிருந்து தலை நிமிர்கிறார்கள். இயக்குநர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் என் மேசைக்கு வந்து பூசை எந்த நாள் என்று கேட்பார். அந்த நாள் வருடாவருடம் மாறுவது அவருக்கு இன்னும் புரியாத கணக்கு.

சென்ற வருடமும் வந்தார். நாளைச் சொன்னேன், குறித்துக்கொண்டார். என் மேசையில் அன்றைய பத்திரிகை விரிந்து கிடந்தது, முதல் பக்கத்தில் குண்டுவீச்சில் இடிந்த ஒரு குடியிருப்பு. போகத் திரும்பியவர் அந்தப் படத்தைப் பார்த்து நின்றார்.

"இந்த முறை கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள்."