அப்பாவைத் தூக்க ஆறு பேர்

"உங்கப்பன் பெட்டியத் தூக்க ஆறு பேரு வேணும் ஷெல்பி. அவன் வயசுக்காரங்களாப் பாரு. அதான் இங்க மரியாதை," என்றாள் லோரெட்டா அத்தை.

அப்பாவின் பள்ளிக் கால்பந்து அணிப் படத்தை எடுத்தேன். பதினொரு பேர். ஈரல் கெட்டுச் செத்தவர் மூவர். மாத்திரையில் நால்வர், அப்பாவையும் சேர்த்து. துப்பாக்கியால் ஒருவர். யாருமே அறுபதைப் பார்க்கவில்லை. மிச்சம் மூன்று பேர். ஒருவர் சிறையில், ஒருவர் ஆக்சிஜன் குழாயோடு. தெம்பாக நிற்பது டெக்ஸ்டர் மட்டும்.

நான் குடிநீர் நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பார்க்கும் இன்ஜினீயர். எண்கள் எனக்குப் பழக்கம். இந்த எண்ணைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பா ராண்டலுக்கு முப்பத்தொன்பது வயதில், ஓஹியோ ஆற்றங்கரையில் இருந்த குழாய் ஆலை மூடப்பட்டது. அதற்குள் முதுகு போயிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், பிறகு திடீரென்று நிறுத்தினார். வலி நிற்கவில்லை. அப்பா தெருவில் கிடைத்ததை வாங்கினார். அப்படியும் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாமல் ஓடினார். போதை மீறி மயங்கிக் கிடந்தவர்களின் மூக்கில் மருந்தடித்து எழுப்பினார். டெக்ஸ்டரை இரண்டு முறை.

டெக்ஸ்டர் அதன்பின் மாத்திரையை விட்டுவிட்டார். பதினான்கு மாதம் ஆகிறது. "காலைல எந்திரிச்சு படகுல மீன் பிடிக்கப் போறான் பாரு, கொடுத்து வெச்சவன்," என்று அப்பா ஜன்னலில் நின்று பொருமுவார். இப்போது அந்த ஜன்னலில் நான் நிற்கிறேன். அதே படகு. அதே பொருமல்.

செவ்வாய்க்கிழமை அப்பா சமையலறையில் விழுந்தார். மருந்து பத்தடி தூரத்தில், அவருடைய வண்டியிலேயே இருந்தது. எடுத்து அடிக்கத்தான் ஆளில்லை.

வியாழக்கிழமை மதியம் டெக்ஸ்டர், துக்க வீட்டுக்கென்று சமைத்த உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தார். சின்ன வயதில் அவரை மாமா என்று கூப்பிட்டவள் நான். செவ்வாய்க்கப்புறம் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"ரெண்டாந் தடவ எழுப்பிட்டு உங்கப்பன் என்ன சொன்னான் தெரியுமா பாப்பா? 'எந்திரிடா பன்னி, நீ செத்தா என்கூடப் படகுல துடுப்பு யார் போடுவா'ன்னான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "செவ்வாய்க்கிழமை எங்க போனீங்க?"

"பேத்திக்குப் பொறந்த நாளு. கேக் வெட்டிட்டிருந்தோம்."

"எங்கப்பா உங்களுக்கு ரெண்டு தடவ வந்தாரே."

"வந்தான்." தட்டை மேசையில் வைத்தார். "நான் தூக்க வேணாம்னா சொல்லு. வெளிய நின்னுக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவருக்குப் பேத்தி, கேக், படகு. அப்பாவுக்கு ஒரு பெட்டி. ஆனால் அந்தப் படத்தில் அப்பாவின் தோளில் கை போட்டிருப்பவர் இவர்தான்.

"தலைப் பக்கம், இடது கைப்பிடி," என்றேன்.

தீயணைப்புப் பையன்கள் மூவர், அத்தை மகன் ராய்ஸ், டெக்ஸ்டர். ஐந்து. கூலிக்கு ஆள் தருகிறேன் என்றார் அடக்க நிலையத்துக்காரர். மறுத்துவிட்டு வலது கைப்பிடியை நானே பிடித்தேன்.

கல்லறை மேட்டில் மூச்சிரைத்தது டெக்ஸ்டருக்கு. அப்பா மீட்டுக் கொடுத்த மூச்சு. மேடு முழுக்க அதை எண்ணிக்கொண்டே ஏறினேன். பொறாமை ஒரு துளியும் குறையவில்லை. ஈரப் புல்லில் அவர் கால் வழுக்கியது. பெட்டி சாய்ந்தது. பாரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பாத்து மாமா," என்றேன். "நீங்களும் விழுந்துடாதீங்க."