கேமரா பக்கத்தில் எரிந்த விளக்கு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் மகள் அப்போது கல்லூரியில் முதலாண்டு. அவளுக்காகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினோம். கடைக்காரர் விண்டோஸ், இன்னும் என்னென்னவோ எல்லாவற்றையும் இலவசமாகவே போட்டுக் கொடுத்தார். திருட்டு நகல் என்று தெரியும். ஊரில் எல்லோரும் அப்படித்தானே என்று விட்டுவிட்டோம். "ரிப்பேர்னா தூக்கினு வராதீங்கக்கா. ஒரு போன் போடுங்க, கடையில உக்காந்துக்கினே சரி பண்ணிக் குடுக்கறேன்" என்று அதற்கும் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான். அது அவருக்கு மட்டும்தான் திறக்குமா என்று பி.காம். படித்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மகள் தலைக்குக் குளித்துவிட்டு, லேப்டாப்பில் பாட்டு போட்டபடி அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று லேப்டாப்பைப் பட்டென்று மூடும் சத்தம். ஓடினேன்.

"ம்மா, கேமரா லைட்டு தானா எரிஞ்சிது. யாரோ பாக்கறாங்க."

சொல்லிக்கொண்டே போய் வைஃபையை அணைத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே பார்க்கச் சொல்லலாம் என்று அந்தக் கடைக்காரரையே அழைக்கப் போனேன்! அவள் போனைப் பிடுங்கினாள்.

"எந்தப் பக்கமா உள்ள பூந்தாங்களோ, அதே பக்கமா இன்னோர் ஆளக் கூப்புடறியா?"

ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டதும், "இன்னாத்துக்கு நமக்கு இந்த பேஜாரு? நாளைக்கே வித்துடலாம். காலேஜ்லயே படிச்சிக்கட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். "எவனோ எட்டிப் பாத்ததுக்கு நான் ஏன் நைனா கம்ப்யூட்டர வுடணும்? ஒரு தபா நானே சரி பண்றேன். அப்பவும் பயமா இருந்தா வித்துடு."

சைபர் குற்றப் பிரிவில் புகார் பதிந்த பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம். காசு கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் வாங்குவதா, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போடுவதா? லினக்ஸும் இலவசம் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மறுபடியும் ஓசியா? ஓசியிலதானடி மாட்டிக்கினோம்!"

"அது திருடிக் குடுத்ததும்மா. உள்ள இன்னா சொருவி வெச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? இதுல உள்ள இருக்கறத யார் வேணா பாக்கலாம்னு தொறந்தே வெச்சிருக்காங்க. ஒரிஜினல் விண்டோஸும் நல்லதுதான், நம்ம பழைய மெஷின் தாங்காது. ஆனா எதப் போட்டாலும், வர்றதுக்கெல்லாம் ஓகே அமுக்கினா வேஸ்ட்டு."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவளே லினக்ஸைப் போட்டாள். எங்களுக்குத் தனிக் கணக்கு. புதிதாக எதைப் போடவும் அவளுடைய பாஸ்வேர்ட் வேண்டும்.

"என் ஊட்டுலயே எனக்கு கேட் பாஸா?" என்றார் என் கணவர்.

"கம்பெனியில தினம் காட்டற இல்ல நைனா? இங்கயும் காட்டு."

அன்றுதான் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. விற்கும் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவே இல்லை.

கடைக்காரர் தான் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் அந்த ரிப்பேர் புரோகிராமுக்கு எல்லா வீட்டிலும் ஒரே பாஸ்வேர்ட் போட்டிருந்ததை ஒத்துக்கொண்டார். பார்த்தது யார் என்று இதுவரை தெரியாது. அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

"தெருவுல சொல்லாதடி, நம்மளத்தான் ஒரு மாதிரி பேசுவாங்க" என்று கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லி, அந்தப் புரோகிராமை எடுத்துக் கொடுத்தாள். "இத்தினி நாளா கதவத் தொறந்து போட்டுக்கினா குந்திக்கினு இருந்தோம்!" என்று எதிர்வீட்டு அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் ஒரு மாதிரி பேசவில்லை.

எந்தக் கேமராவைப் பார்த்தாலும் என் கை தானாக முந்தானைக்குப் போகிறது. ஆனால், தலைகுனிய வேண்டியது எட்டிப் பார்த்தவன்தான், தான் அல்ல என்று தெரிந்த ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன் என்ற பெருமை, அந்தப் பயத்தைவிடப் பெரிதாக எனக்குள் நிற்கிறது.