அக்கா அனுப்பாத சுற்றறிக்கை

போன வருஷத்து உத்தரவை இந்த வருஷத்து உத்தரவு என்று நம்பி, மாநிலம் முழுக்க இருக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி வைத்தவன் நான்தான். அக்கா இல்லை. இதை வாயால் சொல்ல எனக்கு இந்த ஓராண்டில் தைரியம் வரவில்லை. அச்சில் வந்துவிட்டால் படிக்கிறவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்து திட்டுவார்கள், என் காதில் விழாது என்பதால் அக்காவின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். நானும் ஓர் ஆசிரியன். "மொதல்ல தேதி போடு, அப்புறம் எழுது" என்று தினமும் பிள்ளைகளை விரட்டுகிறவன்.

அக்கா பிறந்தது ஆரணியில், இரண்டு பக்கமும் தறி ஓடும் வீட்டில். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால், பிற்காலத்தில் அவர் வகுப்பெடுத்தால் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்தே பாடம் நடந்துவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் யாரும் இதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. அப்பாவுக்குக் கண் மங்கிய வருஷம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. விடியற்காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார். ஆசிரியர் பயிற்சி என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவே விசாரித்து, அக்காவே விண்ணப்பம் வாங்கி, அக்காவே சேர்ந்தார். பத்து வருஷம் கழித்து எனக்கும் அவரேதான் பூர்த்தி செய்தார். அந்த விண்ணப்பத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கையெழுத்தும் ஒரு போட்டோவும் இருந்தன. போட்டோவுக்குச் சட்டை அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமாவுடையது.

முதல் வேலை ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடம். அங்கேதான் அக்காவின் வாழ்க்கை திரும்பியது. ஒரு நாள் தலைமையாசிரியரின் மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்திருக்கிறது. கிளாஸை எடுத்துவிட்டுப் படித்தால், மலைப் பகுதி ஆசிரியர்கள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை. கடைசி நாள் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அன்றிலிருந்து, தன் கண்ணில் படுகிற ஒவ்வொரு சுற்றறிக்கையையும் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தபால் அட்டை. அப்புறம் தொலைபேசி. வாட்ஸ்அப் வந்த பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. பயிற்சி, விருது, துறைத் தேர்வு, கலந்தாய்வு, எது வந்தாலும் அக்காவின் குழுவில் மூன்று வரியில் இருக்கும்: என்ன, யாருக்கு, எந்தத் தேதிக்குள். வணக்கம்கூடக் கிடையாது.

ஆரணி என்றதும் கன்னியாகுமரி வரைக்கும் எல்லோருக்கும் புடவை ஞாபகம்தான் வருகிறது. குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் சேர்ந்த கையோடு பட்டுப்புடவை என்ன விலை என்று கேட்பார்கள். அதனால் குழுவின் முதல் விதியே, இங்கே புடவை கிடையாது என்பதுதான். இவ்வளவு பேர் காத்திருந்து படித்த அந்தக் குழுவை, கூடப் பிறந்தவனாகிய நான் மியூட்டில் வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நேராகவே சொல்கிறாரே, போனிலும் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. மாமா அதற்கு 'வரன் நோட்டு' என்று பெயர் வைத்திருந்தார். மனமொத்த மாறுதல் என்றால் என்னவென்று ஆசிரியர்களுக்குத் தெரியும், உறவினர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இருக்கிற ஆசிரியருக்கு அங்கே போக வேண்டும், அங்கே இருக்கிறவருக்கு இங்கே வர வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே பதவி, ஒரே பாடம் என்றால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேரும் கடைசி நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் விட்டால் இருவருக்கும் இல்லை. அப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடிப் பிடிப்பதுதான் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

கடைசியாக அவர் சேர்த்த ஜோடி தேன்மொழி டீச்சரும் செல்வின் சாரும். டீச்சர் கண்ணமங்கலத்துக்காரர், வேலை கன்னியாகுமரிப் பக்கம். மகள் கண்ணமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்தாள். அம்மா எங்கே என்று கேட்டால் அந்தக் குழந்தை போனைக் காட்டும். செல்வின் சார் அந்தக் கடற்கரைக்காரர், வேலை தேவிகாபுரத்தில். நல்ல மீன் இல்லாத ஊரில் வருஷக்கணக்காகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அறிவியல். அக்கா நோட்டில் பச்சை மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்ட கையால் டைப் செய்ய முடியவில்லை. போனை என்னிடம் கொடுத்து, ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். நான்காம் நாள், மாறுதல் விண்ணப்பத்துக்கான காலக்கெடு முடிவதற்கு முந்தின நாள், யாரோ ஓர் உத்தரவை அனுப்பினார்கள். 'கால அவகாசம் நீட்டிப்பு' என்று தலைப்பு. கடைசி வரி வரை படித்திருந்தால் தேதி இருந்திருக்கும். மற்ற குழுக்கள் முந்திக்கொள்வதற்குள் போட்டுவிட வேண்டும் என்ற பரபரப்பில் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன். "அன்பார்ந்த ஆசிரியச் சொந்தங்களே! இனிப்பான செய்தி! இன்னும் ஒரு வாரம் அவகாசம்!" என்று எழுதி, ஐந்து ரோஜாப்பூ பொம்மை போட்டு அனுப்பினேன். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. வாழ்நாளில் எனக்கு யாரும் அவ்வளவு கை தட்டியதில்லை. அன்று இரண்டு காபி குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா கஞ்சி குடிக்கும்போது, குழுவில் என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். கஞ்சி டம்ளர் பாதியில் நின்றது.

"தேதி பாத்தியா?"

"நேத்துதாங்க்கா வந்துச்சு."

"உனுக்கு எப்ப வந்துச்சுன்னு கேக்கல. உத்தரவுல இன்னா தேதி?"

எடுத்துப் பார்த்தேன். மாதம் சரியாக இருந்தது. வருஷம்தான் ஒன்று குறைந்தது.

அக்கா போனை வாங்கினார். ஊசி போட்ட கையில் பிடித்து, இன்னொரு கையின் ஒரே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'நேற்று இங்கு வந்த நீட்டிப்பு போன ஆண்டுக்கானது. தவறு என்னுடையது. கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. உடனே விண்ணப்பிக்கவும்.'

"நான் போட்டதுக்கு நீ எதுக்குக்கா உன் பேர்ல எழுதற?"

"பேரு என்னுதுதானே இருக்குது. ஆளாளுக்கு ஆரு போட்டதுன்னு விசாரிச்சிகினு இருந்தா அஞ்சு மணி ஆயிடும்."

பிறகு ஜோடிகளை வரிசையாகக் கூப்பிட்டார். எல்லோரும் கிடைத்தார்கள், செல்வின் சாரைத் தவிர. அவருடைய தலைமையாசிரியரைப் பிடித்தபோது விஷயம் தெரிந்தது. ஒரு வாரம் இருக்கிறதே என்று சார் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஆரணிக்குப் பக்கத்தில் சமணக் குகை இருக்கிற திருமலைக்குச் சுற்றுலா போய்விட்டார். குகைப் பக்கம் சிக்னல் கிடைக்காது. அக்கா அந்தத் தலைமையாசிரியரை, ஒப்புதல் கொடுக்க ஐந்து மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"வண்டி இருக்குதில்ல? ஜல்தியா போ. அந்தக் கொழந்த இன்னொரு வருசம் போனை அம்மான்னு சொல்லிகினு இருக்கணுமா?"

வேலூரிலிருந்து திருமலை வரை நான் வண்டி ஓட்டிய விதத்தை, போக்குவரத்துக் காவலராக இருக்கும் உறவினர் ஒருவர் இதைப் படிக்கிறார் என்பதால் எழுதாமல் விட்டுவிடுகிறேன். மலையடிவாரத்தில் வண்டியைப் போட்டுவிட்டுப் படி ஏறினேன். இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். குகைக்கு முன்னால் செல்வின் சார் பிள்ளைகளுக்குப் பழைய ஓவியங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியதில் 'இன்று' என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"ஒரு வாரம் உண்டுன்னு குரூப்புல போட்டிருந்துல்லா?" என்றார் அவர்.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முழுதாகச் சொன்னேன். போட்டது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சிக்னலுக்காக உச்சி வரை மறுபடி ஏறினோம். பிள்ளைகளும் ஏறினார்கள். இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிபி வரவில்லை. செல்வின் சார் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அவரைவிட உயரம் என்பதால் அப்புறம் நான் வாங்கிப் பிடித்தேன். நாலரைக்கு ஓடிபி வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஒப்புதல் கொடுத்தாயிற்று என்று தலைமையாசிரியரிடமிருந்து தகவல் வந்தது.

தேன்மொழி டீச்சரோ மூன்று நாள் முன்னதாகவே விண்ணப்பித்து முடித்திருந்தார். நீட்டிப்பு என்ற செய்தியை அவர் நம்பவே இல்லையாம். "அக்கா பூவெல்லாம் போட மாட்டாங்களே" என்று அன்று சாயங்காலம் போனில் சொன்னார். எல்லோரும் அவ்வளவு கூர்மையாக இல்லை. குழுவில் சிலர் அக்காவைக் கடிந்து எழுதினார்கள். உங்களையே நம்பினோமே என்று ஒருவர் எழுதிவிட்டு வெளியேறினார். அதைப் படித்துவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, எல்லா ஜோடியும் போட்டாச்சா என்று மட்டும் கேட்டார். அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த மலர் அவர் கைக்கு எப்படியாவது போய்ச் சேர வேண்டும்.

மாறுதல் ஆணை வந்தபோது அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஊருக்கு வந்து சேர்ந்த டீச்சர், மகளை மடியில் வைத்துக்கொண்டு வீடியோவில் அழுதார். அக்கா அழவில்லை. "ரிலீவிங் ஆர்டர் வாங்கிட்டியாம்மா? ரெண்டு காப்பி எடுத்து வெச்சிக்கோ" என்றார். டீச்சர் தேவிகாபுரத்தில் வேலையில் சேர்ந்த ஐந்தாம் நாள் காலையில் அக்கா நம்மை விட்டுப் போனார்.

அக்காவைத் தங்கள் தாய் போலப் பார்த்துக்கொண்ட வேலூர் ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தன் விசைத்தறியை நிறுத்தி வைத்தார். சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அக்கா ஆள் அனுப்பி ஓட்டச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஓட்டினார். இரண்டுக்குமே அவருக்கு நன்றி. வெயிலில் மலை உச்சி வரை வந்த பிள்ளைகளுக்கும், அதை அறிவியல் களப்பயணம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்ட செல்வின் சாருக்கும் நன்றி. இன்று அக்காவின் குழுவைத் தேன்மொழி டீச்சர்தான் நடத்துகிறார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அது எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு டீச்சர் பஸ் பிடித்து வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் அவரிடம், அக்காவின் போனிலிருந்து என்னை அட்மின் ஆக்கிக்கொண்டேன், இனி குழுவை நானே நடத்தலாம் என்று இருக்கிறேன், அக்காவுக்குத் தம்பியாக நான் செய்யக்கூடியது அதுதான் என்று சொன்னேன். அவர் கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் சார். குரூப்பை நான் பாத்துக்கறேன், நீங்க அட்மின்ல இருந்து எறங்கிடுங்க. அக்காவப் பத்தி ஏதாச்சும் எழுதணும்னா நினைவு மலர்ல எழுதுங்க. அதை நம்பி யாரும் அப்ளிகேஷன் போடாம இருக்க மாட்டாங்க."