அக்கா சொல்லாத தேதி

டிக்கெட் போட வருகிறவர்களில் எனக்கு ஆகவே ஆகாதவர்கள், திரும்பும் தேதி தெரியாதவர்கள். ஆல்டரேஷன் அக்கா அந்த ரகம். எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊரார் பேண்ட்டையெல்லாம் வெட்டிக் குட்டையாக்குவதுதான் அவர் தொழில். வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பார்த்தால், "சட்டையைப் பிரிச்சு விடணுமா, இல்ல சாப்பாட்டைக் குறைக்கிறியா?" என்பார்.

தாய் தகப்பன் போன பிறகு, கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்தத் தம்பி கடல் தாண்டிப் போய்க் குடும்பம் நடத்துகிறவன். அவனுக்குக் கல்லீரலில் புற்றுநோய். இனி வைத்தியமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கடைசிவரை கூட இருக்கத்தான் அக்கா டிக்கெட் கேட்டு மேலே ஏறி வந்தார்.

"திரும்பறது எப்பக்கா?"

"தெரியாதுப்பா."

திரும்பும் டிக்கெட் இல்லாமல் அந்த நாட்டுக்குப் போகும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். வாய்க்கு வந்த தேதியைப் போடுவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். "சும்மா ஒரு தேதி சொல்லுங்க" என்றேன்.

"எதை வச்சுச் சொல்ல? நான் திரும்பறேன்னா அவன் போயிட்டான்னு அர்த்தம். அவனுக்கு நானே நாள் குறிக்கணுமா?"

"தைக்கும்போது, பின்னால பிரிச்சுக்கலாம்னு உள்ள கொஞ்சம் துணி விட்டு மடிப்பீங்கல்ல, அது மாதிரிதான்க்கா."

"துணி வேற, உசுரு வேற. என் வாயால சொல்லமாட்டேன்."

"சரி, நானே ஒண்ணு போடறேன்."

"நீயும் போடாத."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்ப கம்ப்யூட்டர்கிட்ட நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அக்கா இறங்கிப் போனார்.

டீக்குப் போகும்போதெல்லாம், "ஸ்கூல் லீவு வருதுக்கா, சீட்டு நிரம்பிடும்" என்று சொல்லிப் பார்த்தேன். "தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். அவனிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. வாரம் ஓடியது. கடைசியில் அவரே வந்து, "எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ, தள்ளிப் போடு" என்றார். விசா அனுமதிக்கிற கடைசி நாளைப் போட்டேன். ஏறக்குறைய ஆறு மாதம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் போவதற்கு இப்போது சீட் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. "பரவால்ல, ஆறு மாசம் இருக்கே" என்றார், தம்பியின் ஆயுளையே நான் நீட்டிக் கொடுத்துவிட்டது போல.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. தம்பி இறந்துவிட்டான். "கேன்சல் பண்ணிடட்டுமாக்கா?" என்று பைத்தியக்காரன் மாதிரி கேட்டுவைத்தேன்.

"வேணாம்பா. நான் வர்ற வரைக்கும் எடுக்காம வச்சிருக்காங்களாம். மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன்."

திரும்பும் தேதியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"பதினாலாம் தேதி போடு" என்று அவரே சொன்னார்.