துருவத்துக்குப் போகமுன் ஒரு படம்

மகள் ஆராய்ச்சிக் கப்பலில் அதிகாரியாகத் தென்துருவத்துக்குப் போகப்போகிறாள் என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அங்கே சோறு கிடைக்குமா? வாழ்த்துச் சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

போகமுன் பழைய முறையில், வெள்ளித் தகட்டில், சீருடையோடு ஒரு படம் எடுக்க அவளுக்கு ஆசை. கையில் இருக்கும் போன் கண்மூடித் திறக்கமுன் எடுத்துவிடும் படத்துக்கு, எங்கள் நகரத்து நொய்கெல்ன் பகுதியில் ஒருவரிடம் டெர்மின் எடுத்து, அதாவது நாள் குறித்து, வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் இப்போது நாகரிகம். நானும் மனைவியும் கூடப் போனோம்.

ஸ்டூடியோச் சுவர் நிறைய, துருவம் தேடிப்போன அந்தக்காலக் கடற்படை அதிகாரிகள். எல்லாம் கப்பல் ஏறமுன் எடுத்த படங்களின் பிரதிகளாம். பித்தளைப் பொத்தான், கையில் தொலைநோக்கி, பனியே எழும்பி வழிவிடும் என்ற முகம். ஜெர்மனியில் என்னை எடுத்த முதல் படம் அகதி விண்ணப்பத்துக்கு. அதற்கு நெஞ்சை நிமிர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள் என்று மனைவி படக்காரரிடம் கேட்டாள். ஒருவரும் வரவில்லை என்றார் அவர், கடையின் பெருமையைச் சொல்வதுபோல. மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளின் பின்தலைக்கு ஒரு இரும்புக் கவட்டையை முட்டுக்கொடுத்து, அசையாமல் இருத்தித் தனியே ஒரு படம் எடுத்தார். பிறகு பெரிய மனது பண்ணி, மூவரும் ஒன்றாக நில்லுங்கள் என்றார்.

"மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கக் கூடாது," என்றாள் மனைவி. மூவரில் ஒருவருக்கு ஆகாதாம். இந்தக் கதையைக் கலியாண வீடு கலியாண வீடாக நக்கல் அடித்து வந்தவன் நான். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். சுவரில் இருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். பயம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நாலாவது ஆள் தேடி வெளியே போனேன்.

பக்கத்து வாசலில் பார்சல் கொண்டுவந்தவர் ஒருவர் மணியை அடித்துக்கொண்டு நின்றார். கையைக் காலைப் பிடித்து அவரை உள்ளே கூட்டிவந்தேன். பார்சலைக் கீழே வைக்கமாட்டேன் என்றார். அதோடேயே நின்றார்.

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா, நீங்கள் உதுகளை நம்பிறேல்லையெல்லோ?"

"நம்பிறேல்லைதான்," என்றேன். "ஆனா போறது நீயெல்லோ."

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. அசைய வேண்டாம் என்றார் படக்காரர். நாலு பேரும் அசையவில்லை.