கரிசல் இழுத்த கேபிள்

போன வாரம் இடைசெவலில் இருந்து ஒரு போன். முருகலட்சுமி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவர். கைக்குழந்தை வேறு.

"அண்ணாச்சி, மூணு மணிக்கு மீட்டிங். இன்னைக்கும் லைன் அத்துப்போச்சுன்னா சென்னைக்கு வந்துருங்க, இல்லன்னா வேலைய விட்ருங்கன்னு சொல்லிட்டாவ."

நான் சோறு சாப்பிடுவது கோவில்பட்டியில் நெட்வொர்க் சர்வீஸ் செய்து — பத்தி எழுதி அல்ல. பைக்கை எடுத்தேன்.

வாசலிலேயே அவருடைய மாமனார் சண்முகையா புது ரௌட்டரோடு நின்றார். எனக்கு எரிச்சல். நெட் வரவில்லையா... உடனே ரௌட்டரை மாற்று! என்ன பழக்கம் இது?

"போன்ல வைஃபை புள்ளி பூரா நிக்குது அண்ணாச்சி. நெட்டு மட்டும் வரல. பெட்டிதான் மக்கர்."

"பெட்டி மக்கர்னா புள்ளி எப்படி நிக்கும்?"

இதை எத்தனை பேரிடம் கத்துவது? வைஃபை சிக்னல் என்பது பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் உள்ள உறவு. பெட்டிக்கு நெட் வருகிறதா என்பதை அது சொல்லாது.

வெளி லைன் முன்வீட்டுக்கு வருகிறது. அங்கிருந்து முற்றத்து மண்ணுக்குள் ஒரு கேபிள், முருகலட்சுமி வேலை பார்க்கும் பின்னறையில் இருக்கிற ரௌட்டருக்கு. லேப்டாப்பை முன்வீட்டில் ஒயரில் செருகினேன். நெட் பறந்தது. பின்னறையில் செருகினேன். சுத்தமாக இல்லை.

அப்படியானால் கோளாறு நடுவில். கேபிளின் இரண்டு முனையிலும் டெஸ்டரை மாட்டினேன். எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். மூன்றாவது எரியவில்லை; உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கிறது.

"இத மண்ணுல போட்டது யாரு?"

"நான்தான். ஐப்பசி மழையில. வெண்ண மாதிரி மண்ணு, வெட்டச் சுளுவா இருந்துச்சு."

"பைப்பு?"

"பைப்பு எதுக்கு? விண்ணுன்னு இழுத்துப் புதைச்சேன். ஒரு சுருக்கம் இருக்காது!"

பெருமை வேறு.

முற்றத்தைப் பார்த்தேன். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே கைவிட்டால்... கேபிள் இழுபட்டு, மேல்தோல் மெலிந்து, வீணைக் கம்பி போல் நிற்கிறது.

"எத்தன வருசமா இந்த மண்ணுல வெள்ளாம பண்ணுதீங்க? கோடையில வாயப் பொளக்கும்னு தெரியாதா?"

"மண்ணு வெடிக்கும்னு தெரியும்வே. அது வயரப் புடிச்சு இழுக்கும்னு எவன் கண்டான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் கரிசல்காரர்களே, ஒன்று சொல்கிறேன். வீட்டுச் சுவரையே பிளக்கிற மண் இது. இதில் கேபிளைப் புதைத்தால் பைப்புக்குள் விடுங்கள், தொளதொளவென்று விடுங்கள். விறைப்பாக நிற்பதைத்தான் இந்த மண் முதலில் அறுக்கும்.

தோண்ட நேரமில்லை. புதுக் கேபிளைத் தரைமேலேயே விரித்து இரண்டு பக்கமும் மாட்டினேன். எட்டு விளக்கும் எரிந்தன. அதற்குள் வீட்டு ஆடுகள் கேபிளை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தன. சண்முகையா பாய்ந்து போய் எல்லாவற்றையும் கொட்டிலில் அடைத்தார்.

மூன்று மணி. பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. வெளியே நாங்கள் இருவரும் காவல்.

கதவு திறந்தது.

"ஒருதடவ கூட அத்துப்போகல அண்ணாச்சி! இங்கனயே இருந்து வேலையப் பாருங்கன்னுட்டாவ!"

சண்முகையா மருமகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப ஆட்ட அவுத்து விடலாமா?"

"பைப்பு வாங்கிட்டு வந்து அவுத்து விடும்!"

ஆடு கத்தினால் கத்தட்டும்... மீட்டிங்தான் முடிந்துவிட்டதே.